ஆறாம் நம்பர் அறையில் பால் காய்ச்சியவள்

மாதா கோயில் திருவிழா மலருக்கு ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டு வந்தார்கள். பெரிய மனிதர்களைப் பற்றி அவர்களே சொல்லிக்கொள்வார்கள், அதற்கு நான் எதற்கு? இசக்கிசெல்வியைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். அந்தப் பெண் நம் ஊர் இல்லையே, நம் கோயிலுக்கு வருகிறவளும் இல்லையே என்றார்கள். இங்கே குடியிருக்கிறாளா இல்லையா என்று கேட்டேன். சரி, சொல்லுங்கள் என்றார்கள். அதனால் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். ஒரு வரியை வெட்டுவதாக இருந்தால் மொத்தத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இருங்காட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வரிசை அறைகள் இருக்கின்றன. ஷீட் கூரை, அறைக்கு ஒரு ஜன்னல், வாசலில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். கட்டியவன் என் தம்பி மகன் சூசைராஜ். சொந்தக்காரன் என்பதற்காக அவனைப் பற்றி மூடி மறைத்துப் பேச எனக்கு வராது. அறைக்குள் அடுப்பு வைக்கக் கூடாது என்பது அவன் போட்ட சட்டம். ஏன் என்றால், "நைட் ஷிப்ட் முட்சிட்டு வந்து பொண்ணுங்க அப்டியே தூங்கிப்பூடும் அத்தை. கேஸ் தொறந்துகினே கெடக்கும். எல்லாம் கொளுத்திக்கும்" என்பான். அது பாதி உண்மை. மீதி உண்மை முன்பக்கம் பலகை மாட்டித் தொங்குகிறது. அது அவனுடைய மெஸ்.

அறைகளுக்குப் பெண்களைக் கொண்டுவந்து நிரப்புகிறவன் வனமாமலை. நாங்குநேரிப் பக்கத்துக்காரன், கான்ட்ராக்ட் எடுத்துக் கம்பெனிகளுக்கு ஆள் விடுகிறவன். பெண்களின் சம்பளத்தில் அறைக்கும் மெஸ்ஸுக்கும் அவனே பிடித்துக்கொண்டு சூசைராஜிடம் கொடுத்துவிடுவான். வேலை, அறை, சோறு மூன்றும் ஒரே முடிச்சு. ஒன்றை அவிழ்த்தால் மூன்றும் போய்விடும். கம்பெனியில் வேலை இல்லை என்று கேட்டில் காட்டுகிற பாஸை வாங்கிக்கொண்டால், அன்று சாயங்காலமே வேன் வந்து நிற்கும். சாவியைக் கொடுத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியதுதான். கிளாம்பாக்கத்தில் தெற்கே போகிற பஸ்ஸில் ஏற்றி விட்டுவிடுவார்கள். அப்படி அழுதுகொண்டு போன எத்தனையோ பெண்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். தண்ணீர் கொடுத்ததைத் தவிர நான் ஒன்றும் செய்ததில்லை.

இசக்கிசெல்வி ஆலங்குளம் பக்கத்திலிருந்து வந்தவள். காருக்குள் போகிற ஒயர்களைக் கட்டுகட்டாகச் சேர்த்து டேப் சுற்றுகிற கம்பெனியில் வேலை. ஒல்லியான உடம்பு, ஓட்டமான நடை, வாய் மட்டும் இரண்டு ஆளுக்குச் சேர்த்துப் படைத்தது. ஆறாம் நம்பர் அறையில் ஆறு பேரில் ஒருத்தியாக இருந்தாள். ஊரில் அம்மா செல்லக்கனி பீடி சுற்றுகிறாள். ஒழுகுகிற ஓட்டுக் கூரையைப் பிரித்துத் தளம் போடுவதற்காக அந்த அம்மாள் பெண்கள் குழுவில் கடன் எடுத்திருந்தாள். அந்தக் கடனில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி தவணை கட்டவில்லை என்றால் மற்றப் பெண்கள் எல்லாரும் அவள் வாசலில் வந்து உட்கார்ந்துவிட வேண்டும். பணம் வருகிற வரையில் எழுந்திருக்கக் கூடாது. ஆகவே இந்தப் பெண் இங்கே ஒயர் சுற்றினால்தான் அங்கே அம்மாவின் வாசல் காலியாக இருக்கும். ஊரில் ஒரு வீட்டுக்கு மாடாக உழைக்கிறாள், இங்கே அவளுக்கு ஒரு அடுப்புக்கு இடமில்லை.

மெஸ் சாப்பாட்டைப் பற்றி அவள் சொல்லாத கேலி கிடையாது. தட்டை எடுத்துக்கொண்டு என் வாசலில் வந்து உட்காருவாள்.

"ஆச்சி, இந்தச் சாம்பாருல மூஞ்சி தெரியுது பாத்தியளா. பவுடர் போட்டுக்கிடலாம்."

"சும்மா துண்ணுடி. சூசைராஜு காதுல வுழப்போவுது."

"விழட்டும் ஆச்சி. அவுகளும் வந்து தலை சீவிக்கிடட்டும்."

கேலியோடு முடிந்திருக்கும். அடுப்பு இல்லாதது அவளுக்கு ஒரு குறையாகத்தான் இருந்தது, கோபமாக மாறவில்லை. கோபத்தைக் கொண்டுவந்தவள் சசிரேகா.

சசிரேகா குன்றத்தூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்தாள். ஜனங்கள் என்ன வாடகை கொடுக்கிறார்கள், யாரிடம் கடன் வாங்குகிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்று வீடுவீடாகக் கேட்டு எழுதுகிற ஆராய்ச்சியில் அவளுக்கு வேலை. கையில் சிலேட்டு மாதிரி ஒரு கம்ப்யூட்டர். மரியாதையான பெண், குறை சொல்ல மாட்டேன். என் வீட்டில் உட்கார்ந்து, "ஒரே அடுப்புல சமைச்சு சாப்பிடுறவங்க எத்தனை பேரு ஆயா?" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு பின்பக்கம் போனாள். என்னதான் கேட்கிறாள் பார்க்கலாம் என்று நானும் பின்னாலேயே போனேன்.

அன்று இசக்கிசெல்விக்கு வார விடுமுறை. குழாயடியில் யூனிபாரம் துவைத்துக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்க ஆள் வந்திருக்கிறது என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் அந்தப் பெண்ணை உட்கார வைத்தாள்.

"உங்க ரூம்ல அடுப்பு இருக்குங்களா?" என்று சசிரேகா கேட்டாள்.

"இல்லை. வைக்க விட மாட்டாவ."

சசிரேகா எதையோ தட்டினாள், எழுந்துவிட்டாள். "சரிம்மா, தேங்க்ஸ்."

"என்னக்கா, அவ்வளவுதானா? ஆச்சிட்ட அம்புட்டு நேரம் கேட்டிய."

"அடுப்பு இல்லைன்னு போட்டா அடுத்த கேள்வி வராதும்மா. குடித்தனம் இல்லைன்னு முடிச்சிடும்."

"நாங்க ஆறு பேரு இருக்கோம்லா?"

"ஆள் இருக்கீங்க, நான் இல்லேன்னு சொல்லல. குடித்தனமா இல்ல. மெஸ்ல சாப்பிடுறவங்களை இதுல சேர்க்க மாட்டாங்க. ரூல் அப்படி. நான் போட்டது இல்லம்மா."

இசக்கிசெல்வி சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை. "நீங்க எதப் பத்திக்கா கேக்க வந்திய? வாடகை, கடன், வேலை. வாடகை குடுக்கேன். கடன் கட்டுதேன். வேலை பாக்கேன். மூணும் இருக்கு, நான் மட்டும் இல்லையோ?"

சசிரேகாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பாவம், அவளும் மாதச் சம்பளத்துக்கு வெயிலில் அலைகிறவள். "மேல சொல்லிப் பார்க்கறேம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனாள். சொன்னாளோ, சொன்னதை யாராவது கேட்டார்களோ, எனக்குத் தெரியாது.

அடுத்த சம்பளம் வந்ததும் இசக்கிசெல்வி சுங்குவார்சத்திரம் போய் ஒற்றை அடுப்பும் சின்ன சிலிண்டரும் வாங்கிவந்தாள். துணிப்பைக்குள் ஒளித்துக்கூடக் கொண்டுவரவில்லை. ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து மெஸ் வாசலிலேயே இறங்கினாள். கூட இருந்தவர்களில் மார்த்தாண்டத்துப் பெண் ஜெனிஸ் மட்டும்தான் ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்தாள். மற்ற நான்கு பேரும் ஏதோ பாம்பைக் கொண்டுவந்துவிட்டது போலக் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

என்னிடம் வந்து, "ஆச்சி, ஒரு பித்தளைப் பாத்திரம் குடுங்க, பால் காய்ச்சணும்" என்றாள்.

புதுசாக ஒரு வீட்டுக்குக் குடி போனால் முதலில் பால் காய்ச்சுவது எல்லாருக்கும் வழக்கம்தானே. நாங்கள் ஜெபம் செய்துவிட்டுக் காய்ச்சுவோம், அவர்கள் குங்குமம் வைத்துவிட்டுக் காய்ச்சுவார்கள். ஆனால் அந்த வரிசையில் எந்த அறையிலும் எவளும் பால் காய்ச்சியது இல்லை. அடுப்பே இல்லாத இடத்தில் எதைக் காய்ச்சுவது? வருவார்கள், பாய் விரிப்பார்கள், போவார்கள்.

"ஏண்டி, நீ குடி வந்து வருசம் ஆவுது. இப்போ இன்னா பால் காய்ச்சறது?"

"இம்புட்டு நாளும் தங்கியிருந்தேன் ஆச்சி. இனிமேதான் குடி வாரேன்."

பாத்திரத்தை எடுத்துக் கொடுத்தேன். புளி போட்டுத் துலக்கியே கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வாசலைக் கழுவிக் கோலம் போட்டாள். அடுப்புக்கு அவள் குங்குமம் வைத்தாள், பக்கத்தில் ஜெனிஸ் கண்ணை மூடி ஒரு ஜெபம் சொன்னாள். பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. ஷிப்ட் முடித்து வந்த பெண்கள் எல்லாம் தூக்கக் கண்ணோடு வாசலில் கூடிவிட்டார்கள். இசக்கிசெல்வி ஆளுக்கொரு தம்ளர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தம்ளர் போதாமல் என் வீட்டிலிருந்து இரண்டு போயிற்று.

சத்தம் கேட்டு சூசைராஜ் வந்தான். கத்துவதற்குத்தான் வந்தான், வேட்டியை மடித்துக் கட்டியிருந்ததிலேயே தெரிந்தது. பெண்கள் இருக்கிற அறைக்குள் செருப்புக் காலோடு நுழைவது அவன் பழக்கம். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், கேட்டதில்லை. அன்றைக்கு வாசலில் ஈரக் கோலம் இருந்தது. காலே தானாக நின்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போயிற்று. அவன் வாயைத் திறக்குமுன் இசக்கிசெல்வி ஒரு தம்ளரை அவன் கையில் வைத்துவிட்டாள்.

"இன்னாம்மா இது? யாரைக் கேட்டு அடுப்பு வச்ச? இது இன்னா உங்க அப்பன் வூடா?"

"பால் ஆறிரும், குடிங்க அண்ணாச்சி."

அவன் கத்தினான். கத்திக்கொண்டே தம்ளரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். கொதிக்கிற பால், விளிம்பு இல்லாத தம்ளர். பால் காய்ச்சின வீட்டில் கொடுத்த தம்ளரைத் தரையில் வைக்க எவனுக்கும் மனசு வராது, அவன் அம்மா அவனை அப்படி வளர்க்கவில்லை. திருப்பிக் கொடுக்கவும் முடியாது. குடித்தால்தான் கை காலியாகும். "ரூல்னா ரூல்தான், நாளைக்கு எல்லாரும் ஆரம்பிச்சிருவீங்கோ" என்று சொன்னான், ஒரு வாய் குடித்தான். "நெருப்பு கிருப்பு பத்திகினா யாரு பதில் சொல்றது" என்றான், இன்னொரு வாய். கடைசி மடக்கு உள்ளே போனபிறகுதான் தம்ளரை உற்றுப் பார்த்தான்.

வாசலிலிருந்து நான் சொன்னேன். "சப்பல வெளிய வுட்டுட்டுப் போன. பாலயும் குட்ச்ச. இன்னும் வெத்தல பாக்கு வேணுமாடா? நீயே குடி வச்சிட்ட."

"இன்னா அத்தை, நீயும் இதுங்க கூடச் சேந்துகினு."

"சேந்துகினுதான் கீறேன். சக்கரை போதுமா சொல்லு."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவனுக்குக் காது சிவந்துவிட்டது. தம்ளரை இசக்கிசெல்வியின் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டான். பால் குடித்த வாயால் அன்றைக்கே காலி பண்ணு என்று சொல்ல அவனால் முடியவில்லை. ஆனால் அவன் சொல்லாததைச் சொல்ல இன்னொருத்தன் இருந்தான்.

சாயங்காலம் வனமாமலை வந்தான். பைக்கை விட்டு இறங்கவில்லை.

"ஏட்டி செல்வி, என்ன கூத்துட்டி இது? மெஸ்காரரு போன் போட்டு என்னைய ஏசுதாரு."

"கூத்து இல்ல அண்ணாச்சி, குழம்பு வைக்கேன். வாங்க, கருவாடு."

"மெஸ்ஸுக்குச் சம்பளத்துல பிடிக்கிறது பிடிக்கிறதுதான். நீ தின்னாலும் சரி, திங்காட்டாலும் சரி."

"திங்காததுக்குப் பிடிக்கப் பிடாது. என் பேர்ல இனிமே மெஸ்ஸுக்குப் பிடிக்காதிய."

"அடுப்ப எடுத்து வெளிய வையி. இல்லன்னா நாளைக்கு கேட்டுல பாஸ் வேலை செய்யாது. ஒங்கம்மைகிட்ட நானே சொல்லிக்கிடுதேன்."

சொல்லியும்விட்டான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே செல்லக்கனியின் போன் வந்தது. அந்த அம்மாள் அழுகிற சத்தம் எனக்கே கேட்டது. "சோறு எங்க தின்னா என்னட்டி? பொண்டுவ வந்து வாசல்ல உக்காந்தா நான் எந்த மூஞ்சியோட வெளிய வாரது?" இசக்கிசெல்வி போனை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். குழம்பு பாதி வெந்து அப்படியே இருந்தது. மற்ற நான்கு பேரும் தட்டை எடுத்துக்கொண்டு மெஸ்ஸுக்குப் போனார்கள். ஜெனிஸ் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"நீயும் போ புள்ள," என்றாள் இசக்கிசெல்வி. "உன் பாஸையும் புடுங்கிருவான்."

ஜெனிஸ் போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. நான் போய் இசக்கிசெல்வியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுப்பை எடுத்து என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன், என் வீட்டிலேயே சமைத்துச் சாப்பிடு, உன் வேலையும் போகாது என்றேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் சொன்னது தப்பு என்று எனக்கே தெரிந்துபோயிற்று.

"உங்க வீட்டுல சாப்பிட்டா அது உங்க அடுப்பு ஆச்சி" என்றாள். எழுந்து போய் மறுபடியும் அடுப்பைப் பற்ற வைத்தாள். குழம்பு கொதித்ததும் மூன்று தட்டு எடுத்து வைத்தாள். கருவாட்டுக் குழம்பு நன்றாகத்தான் இருந்தது. உப்பு கொஞ்சம் கூட. அதையும் சொன்னேன்.

மறுநாள் கேட்டில் அவள் பாஸ் வேலை செய்யவில்லை. திரும்பி வந்தவள் அரிசி களைந்து உலை வைத்தாள். சாயங்காலம் வேன் வந்து தெருமுனையில் நின்று ஹார்ன் அடித்தது. வனமாமலை முன்னால் வந்தான், சாவிக் கொத்தோடு சூசைராஜ் பின்னால் வந்தான்.

"சாவியக் குடு. கணக்க முடிச்சு அம்மைக்கு அனுப்பிருதேன். வண்டி நிக்கி."

இசக்கிசெல்வி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "வண்டிக்கு நான் சொல்லலயே அண்ணாச்சி."

"வேலை போயிட்டு. ரூம் எதுக்கு உனக்கு?"

"வேலை போனா வீடு எதுக்குப் போவணும்? நாளைக்கு உங்க கான்ட்ராக்ட் போச்சுன்னா உங்க வீட்ட எவனாவது வந்து பூட்டுவானா? பொண்டாட்டி பிள்ளையள வேன்ல ஏத்துவானா?"

வனமாமலைக்கு அந்தப் பேச்சு சுட்டுவிட்டது. அவளை விட்டுவிட்டு சூசைராஜ் பக்கம் திரும்பினான். "என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கீரு? சாமானைத் தூக்கி வெளிய போடும்."

அங்கேதான் அவன் தப்புச் செய்தான். எங்கள் வீட்டு ஆட்களிடம் கெஞ்சினால் ஒன்று நடக்கும், அதட்டினால் நடக்காது. அதிலும் அவர்கள் சொந்த வாசலில் நின்றுகொண்டு அதட்டினால் நடக்கவே நடக்காது. சூசைராஜ் சாவிக் கொத்தை மடியில் செருகினான்.

"யோவ், என் வூட்டுல கீறவள வெளிய தள்றதுக்கு நீ யாருய்யா ஆர்டர் போட?"

"ஆள் விடுதது நான். நான் சொன்னாத்தான் இங்க ரூம் நிரம்பும்."

"நிரப்புறவன் மேரி பேசு. ஓனர் மேரி பேசாத." பிறகு அவளிடம் திரும்பினான், குரல் இறங்கவில்லை. "தோ பாரும்மா. வேலை கீதோ இல்லியோ, எனக்குத் தெரியாது. ஒண்ணாந்தேதி இந்த ஒரு ஆளு பங்கு வாடகை என் கையில வரணும். வரலன்னா நானே சாமான வெளிய போட்டுருவேன்."

"வரும்" என்றாள்.

"சிலிண்டர ஜன்னல் கிட்ட வை. கட்டில் கிட்ட வைக்காத."

"சரி."

வேன் இன்னும் இரண்டு தடவை ஹார்ன் அடித்தது. பிறகு யாரையும் ஏற்றாமல் திரும்பிப் போயிற்று. அந்த வேன் காலியாகப் போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு எல்லாம் சுகமாக நடந்தது என்று சொன்னால் பொய். அவள் விடிந்ததும் கிளம்பி ஒரகடம் வரைக்கும் ஒவ்வொரு கேட்டாகப் போய் நின்றாள். ஆளை அனுப்பியவர் யார் என்று கேட்டார்கள். நானே வந்தேன் என்றால் திருப்பி அனுப்பினார்கள். கையில் இருந்ததை ஒண்ணாந்தேதி வாடகைக்குக் கொடுத்தாள், ஊரில் ஒரு தவணை தவறிப்போயிற்று. குழுப் பெண்கள் வந்து வாசலில் உட்கார்ந்தார்கள். என் கம்மலைக் கழற்றிக் கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். என்னைவிடப் பிடிவாதக்காரியை நான் அப்போதுதான் பார்த்தேன். ஆனால் செல்லக்கனியிடமிருந்து வந்த போனில் இந்தத் தடவை அழுகை இல்லை. வந்து உட்கார்ந்தவர்களுக்கு அந்த அம்மாள் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தாளாம். "எம்மக அங்க வீடு பிடிச்சிருக்கா. ஓடிப்போறவ வீடு பிடிப்பாளா? இருங்கட்டி, வரும்" என்றாளாம்.

வந்தது. ஒரகடத்தில் பெட்டி கட்டி அனுப்புகிற ஒரு இடத்தில் வேலை கிடைத்தது. சம்பளம் முன்னைவிடக் கொஞ்சம் குறைச்சல், ஆனால் முழுசும் அவள் கைக்கு வருகிறது. இடம் தேடி அலைந்த நாட்களிலும் அவளுக்குச் சாத்திக்கொண்டு படுக்க ஒரு கதவு இருந்தது. அது இல்லாமல் இருந்திருந்தால் அன்று மாலையே ஆலங்குளம் பஸ்ஸில் இருந்திருப்பாள். வேலையையும் வீட்டையும் கட்டியிருந்த முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தவள் அவள்.

எல்லாரும் அவள் பின்னால் வந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்த நான்கு பேரும் இன்றைக்கும் மெஸ்ஸில்தான் சாப்பிடுகிறார்கள். இவள் குழம்பு வைக்கிற நாளில் மட்டும் கிண்ணத்தை நீட்டுகிறார்கள். ஜெனிஸின் பாஸ் தப்பியது. அவள் சம்பளத்தில் இன்னும் மெஸ்ஸுக்குப் பிடிக்கிறார்கள், இருந்தாலும் இவளோடுதான் சாப்பிடுகிறாள். மூன்றாம் நம்பரில் பால் காய்ச்சினார்கள். சூசைராஜ் அந்தப் பக்கமே போகவில்லை, மெஸ்ஸில் சாம்பாரைக் கொஞ்சம் கெட்டியாக்கியிருக்கிறான்.

போன ஒண்ணாந்தேதி வாடகை வாங்க அவனே ஆறாம் நம்பர் வாசலுக்கு வந்து நின்றான். செருப்பு வெளியே இருந்தது. இசக்கிசெல்வி பணத்தைக் கொடுத்தாள். அவன் எண்ணி முடித்துத் திரும்பும்போது கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, ஷீட்டுல ஓட்டை. மழை பெஞ்சா கட்டில்ல ஊத்துது. இந்த மாசமே ஆள விட்டுச் சரி பண்ணிருங்க."

சூசைராஜ் என்னைப் பார்த்தான். இத்தனை வருடத்தில் அந்த வரிசையில் யாரும் அவனிடம் கூரையைப் பற்றிப் பேசினதில்லை. ஒழுகினால் கட்டிலை நகர்த்திப் போட்டுக்கொள்வார்கள்.

"இன்னா அத்தை, வாடகைய குட்துட்டு வேலை வாங்குது இந்தப் பொண்ணு."

"வாடகைக்கு கீறவ கேக்காம யாரு கேப்பா? போய் ஆளைக் கூப்டு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஏணியோடு ஆள் வந்தது.